வீழ்ந்தவருக்கு ஒரு கல்

(ஒட்டுசுட்டானில் கமக்காரரும் ஆசிரியர்களும் பிற தொழில் செய்வோரும் கூடிய நினைவுக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"களத்தில் வீழ்ந்தோர்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் ஒரு மணி நேரம் பேசுவது மிக எளிது. வீரம் என்றும் மானம் என்றும் குருதி என்றும் சொற்களை அடுக்கினால் கைதட்டல் விழும். பேசியவன் கழுத்து மாலையுடன் வீடு போய்ச் சேருவான். அத்தகைய பேச்சுக்களை இந்த வன்னி மண் வேண்டியமட்டும் கேட்டுவிட்டது. கேட்டவர்களின் பிள்ளைகள் களத்துக்குப் போனார்கள். பேசியவர்களிற் பலர் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பினார்கள். ஆகையால், முன்வரிசையில் இருக்கும் தாய்மாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லக்கூடியதை மட்டும் சொல்வது என்று தீர்மானித்து வந்திருக்கிறேன்.

நான் சட்டம் படித்தவன். எந்தச் சங்கதியை எடுத்தாலும், இதிலே கடன்பட்டவன் யார், கடன் வரவேண்டியது யாருக்கு என்று கேட்பது எங்கள் தொழிலின் பழக்கம். களத்தில் வீழ்ந்தவனுக்கு வரவேண்டிய கடன் ஏதேனும் உண்டா? உண்டென்றால் அதனைத் தீர்க்க வேண்டியவர் அவனைப் பெற்றவர் மட்டுமா, அவனை அனுப்பியவர் மட்டுமா, அல்லது அவனை வென்று அவன் கிடக்கும் மண்ணை இன்று ஆள்பவருமா?

என் விடை இது. வீழ்ந்தவனுக்கு உரியவை இரண்டு. ஒன்று அவன் பெயர். மற்றொன்று அவன் கிடக்கும் இடம். இந்த இரண்டையும் காத்துக் கொடுக்கும் கடமை, அந்த இடம் எவர் கையில் இருக்கிறதோ அவரைச் சேரும். அவர் பகைவராக இருந்தாலும் சேரும். பகைவராக இருந்தால்தான் அதிகமாகச் சேரும் என்றுகூடச் சொல்வேன். இது நானாகக் கண்டுபிடித்த சித்தாந்தம் அன்று. இந்த வட்டாரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது.

இவ்வூரை அடுத்த கற்சிலைமடுவை அறியாதவர் இங்கே இல்லை. 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவிலே ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியது. அங்கிருந்த வொன் டிறிபேர்க் என்னும் அதிகாரி தன் ஆட்களுடன் வள்ளமேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான். அதிக காலம் கழியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மூன்று படைகள் வன்னிக்குள் நுழைந்தன. அக்டோபர் 31ஆம் நாள் விடியுமுன் அதே டிறிபேர்க் கற்சிலைமடுவில் வன்னியனின் படையை எதிர்பாராத வேளையில் தாக்கி முறியடித்தான். பண்டாரவன்னியன் அன்றே வீழ்ந்தானா, தப்பிச் சென்று சில ஆண்டுகள் கழித்து இறந்தானா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கை நான் இங்கே விசாரிக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அந்த இடத்தில் நாட்டப்பட்ட கல்லைப் பற்றி.

அந்தக் கல்லை நாட்டியவர்கள் தமிழர் அல்லர், வென்ற வெள்ளையர். இன்ன நாளில், இவ்விடத்தை அடுத்து, இன்ன தளபதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று தம் மொழியிலே தம் வெற்றியை அதில் வெட்டினார்கள். அவர்கள் எழுதியது தம் பெருமையை. ஆயினும் தோற்றவனின் பெயரையும் அதே கல்லில் எழுதவேண்டியதாயிற்று. டிறிபேர்க்கின் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்? நம் பிள்ளைகள் அந்தக் கல்லிடம் போய் நின்றது தோற்றவன் பெயருக்காக. போருக்குப் பின்னர் அந்தக் கல்லையும் யாரோ உடைத்துப்போட்டார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்திய போரைச் சொல்லும் ஒரு கல் யாருக்கு என்ன இடைஞ்சல் செய்தது? அதிலே இருந்தது வெள்ளையனின் வெற்றிச் செய்தி அல்லவா? உடைத்தவனுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்குமோ என்பதும் ஐயமே.

இதனினும் பழைய சாட்சி ஒன்று, வவுனியாவுக்குத் தெற்கே அனுராதபுரத்தில் இருக்கிறது. அதனைச் சொல்லும் நூல் நம்முடைய நூல் அன்று, மகாவம்சம். நாற்பத்து நான்கு ஆண்டு அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைத் துட்டகைமுனு போரிலே கொன்றான். கொன்றவன் என்ன செய்தான்? வீழ்ந்த இடத்திலேயே எல்லாளனின் உடலுக்கு எரியூட்டினான்; அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினான்; அதற்கு வணக்கம் செலுத்துமாறு ஆணையிட்டான். பின்வந்த மன்னர்களும் அவ்விடத்தை நெருங்கியதும் தம் மேளதாளத்தை நிறுத்திக் கொண்டார்கள் என்று அந்த நூலே கூறுகிறது. இரண்டாயிரம் ஆண்டு கடந்து, 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோற்றுக் கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை தப்பியோடியபோது, களைத்துச் சோர்ந்திருந்த அந்த நிலையிலும் அவ்விடத்தில் பல்லக்கை விட்டு இறங்கி, அதனைக் கடந்து வெகுதூரம் போகும்வரை நடந்தே சென்றான் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னாலே துரத்தி வருபவர்களுக்கு அஞ்சி ஓடுகிறவன், இருபது நூற்றாண்டுக்கு முன் தன் இனத்தவனிடம் தோற்ற ஒரு தமிழ் மன்னனுக்காக இறங்கி நடந்தான். சிங்கள மக்களின் பெருமை என்று நான் மதிக்கும் செயல்களில் இதுவே முதலாவது. தெற்கிலிருந்து வருகிறவர்களிடம் நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. அவர்களுடைய நூலில் உள்ளதைத்தான் கேட்கிறோம்.

நம்முடைய வழக்கமோ உங்களுக்குத் தெரிந்தது. வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு வழிபடும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையில் இலக்கணமாகவே வகுத்துவிட்டது. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்து. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் கல். ஆகோள் என்றால் மாடு பிடித்தல். கமக்காரப் பெருமக்களே, ஒரு மாட்டுச் சண்டை. எந்த மன்னனின் மாடு, எத்தனை மாடு, மீட்டார்களா இல்லையா என்பதெல்லாம் அழிந்துவிட்டது. அந்த மனிதனின் பெயர் மட்டும் நிற்கிறது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன்.

கிளிநொச்சி கனகபுரம், விசுவமடு, முள்ளியவளை, அளம்பில், வன்னிவிளாங்குளம், ஆலங்குளம், ஈச்சங்குளம். இந்தப் பெயர்களைச் சொன்னால் இங்கே இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சைவராகிய நாம் எரிப்பவர்கள். நீண்ட போர் அந்த வழக்கையும் மாற்றிப் புதைக்கச் செய்தது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த காலத்தில் இந்தக் கல்லறைகள் இயந்திரத்தால் இடித்து நிரவப்பட்டன. யாழ்ப்பாணக் கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தின் மேலேயே படைத் தலைமையகம் எழுந்தது. வன்னியிலும் சில இடங்களில் முகாம் அமைந்தபடியால், பெற்றவர்கள் முட்கம்பிக்கு வெளியே வீதியோரத்தில் விளக்கேற்றி விட்டுத் திரும்பினார்கள். 2016ஆம் ஆண்டு நவம்பரில் கனகபுரத்துக்குள் மக்கள் போய்ப் பற்றையை வெட்டியபோது கண்டவை உடைந்த கல்லும் சல்லியும். எந்தத் துண்டு எவருடையது என்று யாருக்குத் தெரியும்? துண்டுகளைக் குவித்து ஒரே குவியலுக்கு விளக்கேற்றினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். நட்டஈட்டு விண்ணப்பம் நிரப்புவதற்கு வந்திருக்கிறார் என்று எண்ணி நான் படிவத்தை எடுத்தேன். அவர் கையை அசைத்து, "அது வேண்டாம் ஐயா. அவன்ரை கல்லிலை ஒரு துண்டாவது எனக்கு எடுத்துத் தர ஏலுமோ? வீட்டிலை வைச்சு விளக்கு வைப்பன்" என்றார். இருபது ஆண்டு வாதாடியவன் நான். அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றத்தில் எந்தப் படிவம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அதனை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தாய்க்கு அன்று சொல்லாத பதிலை இன்று சொல்ல முயல்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது?

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளில் முதலாவது, இறந்த படைவீரர்களைக் கண்ணியமாக அடக்கம் செய்யவேண்டும், அவர்களுடைய கல்லறைகளை மதித்துப் பேணவேண்டும், எப்போதும் தேடிக் கண்டுபிடிக்கக் கூடியதாக அடையாளமிட வேண்டும் என்று விதிக்கிறது. அந்த உடன்படிக்கைகளை இலங்கை 1959ஆம் ஆண்டில் ஏற்றது. 2006ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. உள்நாட்டுப் போருக்கு இவ்விதி நேரே பொருந்தாது என்று அரசதரப்புச் சட்டத்தரணி எழுந்து சொல்வார். அதில் சட்ட நுணுக்கம் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால், நாடுகள் நடைமுறையில் ஏற்றுக்கொண்ட போர் வழக்காறுகளைச் செஞ்சிலுவைச் சங்கம் தொகுத்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, இறந்தவரை மதிப்புடன் அடக்கம் செய்து கல்லறையைப் பேணும் கடமை இரு வகைப் போருக்கும் பொது என்றே முடிவு கூறியது. அவ்வளவு தூரம் போவானேன்? புதைகுழிகளில் அத்துமீறி நுழைந்து உறவினரின் மனத்தைப் புண்படுத்துவதை, இந்நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையே குற்றமாக்கி வைத்திருக்கிறது. வெள்ளையன் எழுதிய அந்தப் பிரிவில், அரசுக்குப் பிடித்தவனின் புதைகுழி, பிடிக்காதவனின் புதைகுழி என்ற பாகுபாடு கிடையாது.

உலகம் இதனைச் செய்து காட்டியும் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து தோற்ற ஜெர்மனியை வேர்ஸாய் ஒப்பந்தம் எப்படிக் கசக்கிப் பிழிந்தது என்பதைப் படித்தவர் அறிவர். அந்தக் கொடிய ஒப்பந்தத்திலேகூட, இரு தரப்பாரும் தத்தம் மண்ணில் உள்ள மற்றவரின் கல்லறைகளைப் பேணவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பிரான்சின் நோர்மண்டிக் கரையில் லா காம் என்னும் இடத்தில் 21,000க்கு மேற்பட்ட ஜெர்மன் படையினர் அடக்கமாகி இருக்கிறார்கள். தன் நாட்டைப் பிடித்து நான்கு ஆண்டு அடக்கி ஆண்டவனின் படைவீரனுக்குப் பிரெஞ்சு மண்ணில் கல் நிற்கிறது. ஹிட்லரின் கொள்கையைப் பிரெஞ்சுக்காரர் ஏற்றுக்கொண்டார்கள் என்று அதற்குப் பொருளா? திருகோணமலையிலே நிலாவெளி வீதியில், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். யாரோ ஒருவர் நாள்தோறும் புல் வெட்டுகிறார்.

ஆனையிறவுக்கு வருவோம். கண்டி வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் அங்கே கவசமிட்ட புல்டோசர் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்பதைக் காண்பார்கள். 1991ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஆனையிறவு முகாமை நோக்கி அந்த இயந்திரம் ஊர்ந்து வந்தபோது, ஹசலக்கவைச் சேர்ந்த காமினி குலரத்ன என்னும் சிப்பாய் கைக்குண்டுகளுடன் ஓடி அதன்மீது ஏறி, அதனை நிறுத்தி, அவ்விடத்திலேயே உயிர் விட்டான். இந்நாட்டின் அதியுயர் வீரவிருதாகிய பரம வீர விபூஷணம் முதன்முதலாக அவனுக்கே வழங்கப்பட்டது. தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்து அவனுக்குப் பூ வைக்கிறார்கள். வைக்கட்டும். தன் தோழர்களைக் காக்கச் சாவை நோக்கி ஓடிய ஒருவனின் துணிவை நான் மறுத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால், அந்த இயந்திரத்துக்கு உள்ளே இருந்தவனும் அன்றுதான் இறந்தான். அவனும் ஒரு கிராமத்துப் பிள்ளை; அவன் எதிரே சென்றதும் சாவைத்தான். ஒரே நாளில், ஒரே இயந்திரத்தின் மேலும் உள்ளும் இருவர் மாண்டார்கள். மேலே நின்றவனுக்குச் சின்னம் உண்டு. உள்ளே இருந்தவனின் தாய் ஒரு விளக்கு ஏற்றினால் அவளிடம் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார்கள். என் வழக்கு முழுவதையும் இந்த ஒரு புல்டோசரை வைத்தே நடத்திவிடலாம்.

இந்த இடத்தில் நம்மையும் கூண்டில் ஏற்றவேண்டும். 1996ஆம் ஆண்டு ஜூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட அரச படையினர் மாண்டார்கள். இங்கிருந்து அவ்விடம் எவ்வளவு தூரம்? அவர்களிற் பலர் வானம் பார்த்த பூமியில் கமஞ்செய்யும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். சம்பளம் வீட்டுக்கு வரும் என்று படையிற் சேர்ந்தவர்கள். அவர்களுடைய எலும்பு கிடக்கும் நிலத்தில் நாம் நடக்கிறோம். 1998ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி முகாம் வீழ்ந்தபோது பல நூறு படையினர் காணாமற் போயினர். அவர்களுள் ஒருவன் கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச என்னும் தாயின் மகன்; இளம் அதிகாரி. அந்த அம்மையார் பழிவாங்கக் கேட்கவில்லை. மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு சிப்பாயின் கழுத்திலும் அடையாளத் தகடு போடுங்கள், இறந்தால் இன்னார் என்றாவது நாங்கள் அறியவேண்டும் என்று அரசிடம் போராடினார். ஒரு சிறு தகடு. அதற்காக ஒரு தாய் தெருவில் இறங்கவேண்டி இருந்தது, வென்ற பக்கத்திலும்.

அந்தத் தகட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கொக்குத்தொடுவாய்க்கு வாருங்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் குடிநீர்க் குழாய் தாழ்க்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்களும் உடைகளும் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவானின் மேற்பார்வையில் அகழ்வு நடந்து, 2024ஆம் ஆண்டு ஜூலையில் முடிந்தபோது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. பெண் போராளிகளின் சீருடைகள் கிடைத்தன. இலக்கத் தகடுகளும் கிடைத்தன. 1994ஆம் ஆண்டுக்கும் 1996ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது அகழ்வாய்வாளரின் அறிக்கை. எப்படி இறந்தார்கள், எவர் புதைத்தார் என்பது நீதிமன்றத்தின் விசாரணைக்கு உரியது. அதில் நான் வாய் வைப்பது முறையன்று. நான் கேட்பது வேறு. தகட்டிலே இலக்கம் இருக்கிறது; அந்த இலக்கத்துக்கு உரிய பெயரைச் சொல்லும் ஏடு எங்கே? முப்பது ஆண்டு மண்ணுக்குள் கிடந்து தகடு தன் கடமையைச் செய்துவிட்டது. நாம் செய்யவில்லை.

தெற்கிலே ஒரு கட்சி இருக்கிறது. 1971ஆம் ஆண்டிலும், பின்னர் 1987 முதல் 1989 வரையும் அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கியது. 1989ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அதன் தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்த நாளில், இறந்த தம் தோழர் எல்லோருக்கும் அக்கட்சியினர் கொழும்பிலே வெளிப்படையாக வீரவணக்கம் செய்து வருகிறார்கள். அவர்கள் செய்வது முற்றிலும் சரி. 2024ஆம் ஆண்டில் அக்கட்சியின் தலைவரே நாட்டின் ஜனாதிபதியானார். அவ்வாண்டு கார்த்திகையில் இங்கேயும் முன்னிருந்த கெடுபிடி தளர்ந்தது. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னங்கள் இல்லாமல் நினைவுகூரலாம் என்றார்கள். நன்றி. ஆனால், தளர்த்துவது என்பது கயிறு இன்னும் அவர் கையில் இருக்கிறது என்பதற்கு மறுபெயர். 13ஆம் நாள் கொழும்பில் உரிமையாக இருப்பது, இரு வாரம் கழித்து 27ஆம் நாள் வன்னியில் சலுகையாக மாறுவது எந்தச் சட்டத்தின்படி?

2020ஆம் ஆண்டு நவம்பரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவைக் காட்டிப் பொலிஸார் வடக்கெங்கும் நீதவான்களிடம் தடையுத்தரவு கேட்டார்கள். பொதுத் தொல்லையையும் உடனடி ஆபத்தையும் தடுப்பதற்காக வகுத்த பிரிவு அது. ஒரு நீதிமன்றத்தில் நானும் எழுந்து நின்றேன். "கனம் நீதவான் அவர்களே, ஒரு தாய் தன் வீட்டுப் படலையில் ஒரு சுட்டி விளக்கு வைத்தால் தொல்லைப்படுகிறவர் யார்? அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள், நான் குறுக்கு விசாரணை செய்கிறேன்" என்றேன். அப்படி ஒருவரை யாரும் கொண்டுவரவில்லை. தடையுத்தரவு மட்டும் வந்தது. அன்றிரவு கார்த்திகை விளக்கீடு இல்லாத நாளிலும் சில வீடுகளில் விளக்கு எரிந்தது என்று கேள்விப்பட்டேன். மழைக்கு ஒதுக்கமாக, அடுப்படிக்கு உள்ளே.

இவ்வளவு சொன்னவன் இன்னொன்றையும் சொல்லாமற் போனால் பாதி உண்மை பேசியவன் ஆவேன். மண்ணுக்குள் கிடக்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் தாமாக விரும்பிப் போனவர்கள் அல்லர். கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள் உண்டு. பள்ளிச் சீருடையைக் கழற்றிப் படைச்சீருடை அணிவிக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. ஒளிந்திருந்த கிடங்கிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பெற்றோர் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். வேறு இயக்கங்களிற் சேர்ந்து, பகைவன் கையால் அன்றித் தமிழன் கையாலேயே மாண்ட இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு எந்த மயானத்திலும் கல் வைக்கப்படவில்லை. அவர்களும் வீட்டை விட்டு ஒரு கடமை என்று புறப்பட்டவர்கள் அல்லவா? தன் பிள்ளைக்கு விளக்கேற்ற உரிமை கேட்கும் சமுதாயம், அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லத் தயங்கினால் அதன் வழக்கு நிற்காது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முன் நாமே அடைத்துக் கொள்வது நல்லது.

அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுகூட, சுதந்திர தினத்தன்று போரில் இறந்த அனைவருக்காகவும் ஒரு நிகழ்வு நடத்தவேண்டும் என்று 2011ஆம் ஆண்டில் சிபாரிசு செய்தது. அது அறிக்கையோடு நின்றுவிட்டது. அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அதனைச் சொல்லி முடிக்கிறேன்.

இங்கே பத்துக் கொப்பிகள் கொண்டுவந்திருக்கிறேன். பெட்டியில் இருக்கின்றன. ஊருக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். எழுத்து வேலையை ஆசிரியர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று பணிந்து கேட்கிறேன். இறந்தவரின் இயற்பெயர், தாய் தந்தையர், ஊர், பிறந்த ஆண்டு, எங்கே எப்போது வீழ்ந்தார் என்று குடும்பம் அறிந்தது, தகட்டு இலக்கம் நினைவிருந்தால் அது, எங்கே அடக்கம் செய்தார்கள், அதற்குச் சாட்சி யார். விரும்பிப் போனாரா, கொண்டு போனார்களா என்பதையும் பெற்றவர் சொல்வதுபோலவே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். எந்த இயக்கம் என்று பார்த்து எவரையும் விட்டுவிட வேண்டாம். இதைச் சொல்லத்தக்க தாய்மாருக்கு வயது எழுபதும் எண்பதும் ஆகிறது. ஒவ்வொரு மாரியிலும் சிலர் போய்விடுகிறார்கள். அவர்களோடு ஓர் ஏடும் போய்விடுகிறது.

கமக்காரருக்கு ஒரு வார்த்தை. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ எலும்பு, சீருடைத் துணி, தகடு எது வெளிப்பட்டாலும் உழவு யந்திரத்தை அவ்விடத்திலேயே நிறுத்துங்கள். கையால் தொடவேண்டாம், வெடிபொருள் இருக்கலாம். வரம்பில் எடுத்துப் போடவேண்டாம். எடுத்துவிட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் அந்த இடத்துக்குச் சாட்சி இல்லை. ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலர் மூலமாகப் பொலிஸுக்கும் நீதவானுக்கும் அறிவியுங்கள். எனக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்; கட்டணம் இல்லாமல் நீதிமன்றம் வருவேன். அந்தத் துணி எந்த நிறம் என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். பச்சைப் புள்ளியிட்ட அரச படைச் சீருடையாக இருந்தாலும் இதே முறைதான். ஹசலக்கவிலோ குருநாகலிலோ அதற்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். அவளுடைய பிள்ளை உங்கள் வயலில் கிடப்பது அவளுக்குத் தெரியாது.

கொப்பிகளுக்குப் பொலித்தீன் உறை போட்டிருக்கிறேன், மழைக்காலம். கதவடியில் இருக்கும் தம்பியிடம் கையொப்பம் வைத்து வாங்கிச் செல்லுங்கள். தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் மீண்டும் கூடுவோம். வரும்போது எழுதியதைக் கொண்டுவாருங்கள்.